பாலூட்டிகள்: நாற்பத்து மூன்று

படிவம் பதினாறு பக்கம்.
மூன்றில் மண், ஐந்தில் நீர், ஒன்பதில் மரங்கள்.
'பாதிக்கப்படுவோர்' என்பதற்கு ஒரே ஒரு கோடு.
அதிலும் யாரோ பென்சிலால்
'இல்லை' என்று எழுதி வைத்திருந்தார்கள்.

திருப்பூர், எட்டாவது வார்டுப் பூங்கா.
ஒன்றரை ஏக்கர்.
வரப்போவது: பாட்டுக்கு ஆடும் நீரூற்று,
செல்ஃபி மேடை,
சிமென்ட் ஒட்டகச்சிவிங்கி இரண்டு,
கால் வைக்கிற இடமெல்லாம் பேவர் பிளாக்.
போகப்போவதற்கு
வரைபடத்தில் நிறம் ஒதுக்கவில்லை.

முதல் நாள் டேப்போடு போனேன்.
மறுமுனையைப் பிடித்தவர் உதவிப் பொறியாளர் அர்த்தனாரி.
நெஞ்சுயரத்தில் சுற்றளவு எடுக்க வேண்டும்.
"யாரு நெஞ்சுங் மேடம்?"
அவர் ஆறடி. நான் ஐந்துக்கும் கீழே.
அவர் நெஞ்சுக்கு அளந்தால்
அந்தப் புங்கன் கணக்கில் சேராத குச்சி,
என் நெஞ்சுக்கு அளந்தால் மரம்.
படிவத்தின் நெஞ்சு நடுவில் எங்கோ இருந்தது.
கொஞ்சம் குனியுங்க என்றேன்.
குனிந்தார். மரமாயிற்று.

போர்த் தண்ணீரில் மீட்டரை முக்கினேன்.
எண் ஏறி ஏறி
இரண்டாயிரத்து நூறில் மூச்சு வாங்கியது.
எத்தனை வருஷத்துச் சாயம் குடித்த நிலம்.
இதை ஆகாயத்தில் ஆடவிட்டால்
பக்கத்துச் செடிகளில் வெள்ளையாய்ப் படியும்,
காய்ந்தபின் நக்கிப் பார்த்துக்கொள்ளலாம்.
இலை கருகும் என்று எழுதினேன்.
"லாரித் தண்ணி வாங்கிக்கலாமுங்."
அடுத்த சந்தில்
எட்டு நாளுக்கொருமுறை வரும் குழாய்க்காகக்
குடங்கள் வரிசையில் உட்கார்ந்திருந்தன.
அவற்றுக்குக் கட்டம் இல்லை.

பக்கம் பதினொன்று: இரவுக் கணக்கெடுப்பு.
என் கைக்கு வரும்போதே டிக் அடித்திருந்தது.

அதனால்தான் போனேன்.
பதினொன்றரை மணி,
தம்பியை பைக்கோடு கேட்டுக்கு வெளியே நிறுத்திவிட்டு.
இரண்டு விளக்கில் ஒன்று செத்திருந்தது.
பயந்தேன், அதையும் சொல்லிவிட வேண்டும்.
விடியுமுன் இந்த வழியாகக்
கம்பெனிக்கு நடக்கும் செக்கிங் பெண்கள்
"மரம் எப்படியோ போகட்டுமுங், லைட்டு வேணும்"
என்று பகலில் சொன்னது
அந்த இருட்டில்தான் என் காதில் விழுந்தது.

செம்போத்தைத் தேடி டார்ச் அடித்தால்
தூங்குமூஞ்சி மரத்தடியில் மனிதர்கள்.
செருப்பைத் தலைக்கு வைத்து,
கட்டிங் பீஸ் மூட்டையைத் தலைக்கு வைத்து,
ஒருவன் தன் கையையே.
விழித்திருந்தவன் பிபூதி, ஒடிசாக்காரன்,
எங்கள் பேச்சைப் பாதி பேசினான்:
"ரூம் சூடுங்க்கா. தகரம்."
எவ்வளவு என்றேன்.
தெர்மாமீட்டரை வாங்கிக்கொண்டு சந்துக்குள் ஓடினான்.
கால்மணி கழித்துத் திரும்பி வந்தான்
இரண்டு கைகளாலும் பொத்திக்கொண்டு,
வழியில் எண் ஆறிவிடக் கூடாதென்று.
முப்பத்தாறு.
மரத்தடி இருபத்தொன்பது.
வித்தியாசம் ஏழு. அது
ஒரு மனிதன் தூங்குவதற்குப் போதுமான எண்.

எந்தப் பக்கத்தில் எழுதுவது?
மரமில்லை, மண்ணில்லை, நீரில்லை.
பக்கம் பன்னிரண்டில் இடம் இருந்தது:

பறவைகள்: செம்போத்து ஒன்று, புள்ளி ஆந்தை இரண்டு.
ஊர்வன: ஓணான், அரணை.
பாலூட்டிகள்: அணில் ஆறு, நாய் மூன்று,
மனிதர் முப்பத்து நான்கு (இரவில் மட்டும்).

படிவம் திரும்பி வந்திருக்கிறது.
முப்பத்து நான்கைச் சுற்றிச் சிவப்பு வட்டம்.
ஓரத்தில்:
'எந்த அட்டவணையில் பாதுகாக்கப்பட்ட இனம்?
எண் குறிப்பிடவும்.'
அர்த்தனாரி போனில் தயங்கினார்:
"ஏனுங் மேடம், டைப்பிங் தப்புன்னு போட்டரட்டுங்களா?"

வேண்டாம் என்றேன்.
இன்னும் பதில் எழுதவில்லை.
பரிந்துரைப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறேன்.
பெண்களுக்கும் ஆந்தைக்கும் பொதுவாக
யோசித்து யோசித்து நானே எழுதியது:
'விளக்குகள் முழங்கால் உயரத்தில், கீழ்நோக்கி.'

தூங்குகிறவன்
முழங்காலுக்கும் கீழே அல்லவா கிடக்கிறான்.